சீட்டில் எழுதிய விலைப்பட்டியல்: ரேண்டி கன்னிங்ஹாம் கதை

ரேண்டி கன்னிங்ஹாம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1991 முதல் 2005 வரை உறுப்பினராக இருந்தவர். குடியரசுக் கட்சிக்காரர். கலிஃபோர்னியா மாநிலம் சான் டியாகோ பகுதியிலிருந்து எட்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன் வியட்நாம் போரில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய கடற்படை விமானி என்று நாடு முழுக்கப் பெயர் பெற்றிருந்தார். பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து குறைந்தது 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதாக 2005 நவம்பர் 28 அன்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எவ்வளவு தொகைக்கான ஒப்பந்தத்துக்கு எவ்வளவு லஞ்சம் என்று அவர் தன் கையாலேயே ஒரு சீட்டில் கணக்கெழுதி வைத்திருந்தார். அமெரிக்க நாடாளுமன்ற ஊழல்களில் இந்த வழக்கு தனித்து நினைவில் நிற்க அந்தச் சீட்டே முதல் காரணம்.

நீச்சல் பயிற்சியாளர், விமானி

கன்னிங்ஹாம் 1941 டிசம்பர் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதற்கு மறுநாள் அது. குடும்பம் பின்னர் மிசௌரி மாநிலத்தின் ஷெல்பினா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் கல்வியியலில் முதுகலையும் முடித்தவர், இல்லினாய் மாநிலத்தில் ஹின்ஸ்டேல் என்ற ஊரின் பள்ளியில் நீச்சல் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் பயின்றவர்களில் இருவர் 1968 ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றார்கள்.

1967-இல் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டுக் கடற்படையில் சேர்ந்தார். எஃப்-4 ஃபாண்டம் போர் விமானம் ஓட்டக் கற்றார். நடிகர் ஜான் வெய்ன் மீதிருந்த பற்றால், வெய்னின் செல்லப்பெயரான 'டியூக்' என்பதையே வானொலியில் தன்னை அழைக்கும் பெயராக வைத்துக்கொண்டார். கடைசிவரை அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. தேர்தல் சுவரொட்டிகளில் இருந்தது. பிற்காலத்தில் குற்றப்பத்திரிகையில் வந்த ஒரு படகின் பெயரிலும் இருந்தது.

விமானத்தில் அவருக்குப் பின்னிருக்கையில் ரேடாரைக் கவனித்தவர் வில்லியம் டிரிஸ்கால். கான்ஸ்டெலேஷன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இருவரும் புறப்படுவார்கள். 1972 ஜனவரி 19 அன்று முதல் மிக் விமானத்தை வீழ்த்தினார்கள். மே 8 அன்று இரண்டாவது. மே 10 அன்று ஒரே பறப்பில் மூன்று மிக்-17 விமானங்களை வீழ்த்தினார்கள். கப்பலுக்குத் திரும்பும் வழியில் தரையிலிருந்து வந்த ஏவுகணை ஒன்று அவர்கள் விமானத்தைத் தாக்கியது. தீப்பற்றிய விமானத்தைக் கடற்கரை தாண்டும்வரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து, பாராசூட்டில் குதித்தார்கள். கடலில் விழுந்தவர்களை ஹெலிகாப்டர்கள் மீட்டன.

ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவரை 'ஏஸ்' என்பது விமானப்படை வழக்கு. வியட்நாம் போரில் அந்தப் பெயரை முதலில் பெற்ற அமெரிக்கர்கள் கன்னிங்ஹாமும் டிரிஸ்காலும்தான். அந்தப் போர் முழுவதிலும் ஏஸ் ஆன ஒரே கடற்படை விமானி கன்னிங்ஹாம். இருவருக்கும் கடற்படையின் உயரிய விருதான 'நேவி கிராஸ்' கிடைத்தது. அதன்பின் சான் டியாகோவின் மிராமர் தளத்தில் இயங்கிய 'டாப் கன்' பள்ளியில் இளம் விமானிகளுக்குப் பாடம் நடத்தினார். 1987-இல் கமாண்டர் பதவியில் ஓய்வு பெற்றார்.

வீரர் வேட்பாளர் ஆனார்

சான் டியாகோ கடற்படை ஊர். துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் நிற்கும். தெருவுக்குத் தெரு முன்னாள் படைவீரர்கள் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஏஸ் விமானிக்கு வாக்குக் கேட்பது சிரமமே இல்லை. 1990 தேர்தலில் குடியரசுக் கட்சி அவரைத் தொகுதிக்கு நிறுத்தியது. எதிரே இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஜிம் பேட்ஸ். தன் அலுவலகப் பெண் ஊழியர்களிடம் தவறாக நடந்துகொண்ட புகாரில் சபையின் நெறிமுறைக் குழு கண்டித்த உறுப்பினர் அவர். ஊர் பெருமைப்படக்கூடிய உறுப்பினராக இருப்பேன் என்பதே கன்னிங்ஹாம் பிரசாரத்தின் சாரம். மயிரிழையில் வென்றார். ஒழுக்கக் கேட்டில் சிக்கியவரைத் தோற்கடித்துத்தான் அவருடைய அரசியல் வாழ்வு தொடங்கியது.

1992-இல் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டபின் அவர் இடம் உறுதியானது. அதன்பின் வந்த தேர்தல்களில் பெரிய சவால் எதுவும் இல்லை. சபையில் உரத்த குரலில் பேசுவார், சட்டென்று கோபப்படுவார், எதிர்க்கட்சியினரோடு கைகலப்பு வரைக்கும் போவார். தேசபக்தி அவர் பேச்சில் எப்போதும் முதலில் நிற்கும்.

சட்டமியற்றுபவராக அவர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. சுறா மீன்களின் துடுப்புகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்தது. பணியிலிருக்கும் காவலர்களும் ஓய்வுபெற்ற காவலர்களும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழிவிட்ட 2004-ஆம் ஆண்டுச் சட்டமும் அவருடையதே. தேசியக் கொடியை எரிப்பதைத் தடைசெய்ய வகைசெய்யும் அரசியல் சட்டத் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் முன்மொழிந்தவரும் அவர்தான். அந்தத் தீர்மானம் 2005 ஜூன் 22 அன்று 286-க்கு 130 என்ற வாக்குகளில் சபையில் நிறைவேறியது. அதற்குப் பத்து நாள் முன்னர்தான் அவருடைய ஊழலை அம்பலப்படுத்திய, வீட்டு விற்பனை பற்றிய செய்தி வெளியாகியிருந்தது.

பணம் போகும் வழி

இந்த ஊழல் எப்படி நடந்தது என்பது விளங்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பணம் ஒதுக்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே அரசின் ஒவ்வொரு செலவுக்கும் நிதி ஒதுக்குவது காங்கிரஸ். அந்த வேலையைச் செய்வது நிதி ஒதுக்கீட்டுக் குழு. அதற்குள் துறைவாரியாகத் துணைக் குழுக்கள் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய தொகையைக் கையாள்வது பாதுகாப்புத் துணைக் குழு. கன்னிங்ஹாம் அதில் உறுப்பினர். கூடவே உளவுத்துறையைக் கண்காணிக்கும் நிலைக்குழுவிலும் இருந்தார். அதன் துணைக் குழு ஒன்றுக்குத் தலைவராகவும் ஆனார்.

ஒதுக்கீட்டு மசோதாவில் குறிப்பிட்ட திட்டத்துக்கு, சில நேரம் குறிப்பிட்ட நிறுவனத்துக்கே போய்ச் சேரும்படி, உறுப்பினர் ஒருவர் அந்நாளில் ஒரு தொகையைச் சேர்க்க முடிந்தது. இதற்கு 'இயர்மார்க்' என்று பெயர். பாதுகாப்புத் துறை கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட மசோதாவிலோ அதன் இணைப்பு அறிக்கையிலோ ஒரு வரி இருந்தால் போதும். அன்றைய விதிகளின்படி அந்த வரியைச் சேர்த்தவர் யார் என்று வெளியே சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. உளவுத்துறைக்கான ஒதுக்கீடாக இருந்தால் அந்த வரியே ரகசியம். சபையின் மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலோரும் அதைப் படிப்பதில்லை.

பணம் ஒதுக்குவது பாதி வேலை. அதிகாரிகள் அதை அந்த நிறுவனத்துக்கே கொடுக்க வேண்டும். அங்கேதான் தொலைபேசி உதவும். தங்கள் துறையின் நிதிக்குப் பொறுப்பான துணைக் குழு உறுப்பினர் ஒருவர் போனில் கத்தினால், எந்த அதிகாரியும் இருமுறை யோசிப்பார். தேவையில்லாத வேலைக்கும் ஒப்பந்தம் போட வைக்க இந்த அழுத்தம் போதும்.

இரண்டு ஒப்பந்தக்காரர்கள்

கன்னிங்ஹாமைச் சுற்றி இரண்டு பேர் முக்கியம். முதலாமவர் பிரென்ட் வில்க்ஸ். சான் டியாகோவுக்குப் பக்கத்திலுள்ள பொவேயில் ஏ.டி.சி.எஸ். என்ற நிறுவனத்தை நடத்தினார். பழைய காகித ஆவணங்களையும் வரைபடங்களையும் கணினிக்கு மாற்றித் தருவது அதன் தொழில். இந்த வேலைக்கு இவ்வளவு பணம் தேவையா என்று பாதுகாப்புத் துறைக்குள்ளேயே கேள்வி எழுந்தும், ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்கள் அந்த நிறுவனத்துக்குப் போயின.

இரண்டாமவர் மிட்செல் வேட். பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவர். பிறகு வில்க்ஸோடு சேர்ந்து தொழில் கற்றவர். 1993-இல் எம்.இசட்.எம். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பல ஆண்டுகள் அது பெயரளவில்தான் இருந்தது. 2002-இல்தான் நிலைமை மாறியது. அந்த ஆண்டு எம்.இசட்.எம். அரசின் அங்கீகரிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் நிறுவனத்தோடு மொத்தக் கொள்முதல் உடன்பாடு ஒன்று போட்டுவிட்டால், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக டெண்டர் விட வேண்டியதில்லை. அடுத்த மூன்றே ஆண்டுகளில் எம்.இசட்.எம்.-முக்குக் கிடைத்த ஒப்பந்தங்கள் 15 கோடி டாலரைத் தாண்டின. அதில் பெரும் பங்கு உளவு சார்ந்த வேலைகள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உளவுத்துறைக்கான பணம் வெள்ளமாகப் பாய்ந்த காலம் அது. கேள்வி கேட்கவும் ஆள் குறைவு.

சீட்டு

2002-இல் கன்னிங்ஹாமும் வேடும் போட்டுக்கொண்ட பேரம் ஒரு சிறிய அட்டையில் எழுதப்பட்டது. காங்கிரஸ் முத்திரை பதித்த, உறுப்பினரின் பெயர் அச்சடித்த குறிப்பு அட்டை அது. அதில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் ஒப்பந்தத் தொகை, மில்லியன் டாலர் கணக்கில். வலப்பக்கம் அதற்கு வேட் தர வேண்டியது, ஆயிரம் டாலர் கணக்கில்.

முதல் வரியில் இடப்பக்கம் 16; எதிரே ஒரு படகும் 140-உம். அதாவது 1.6 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 1,40,000 டாலர் மதிப்புள்ள படகு. அடுத்த வரிகளில் 17, 18, 19, 20. ஒவ்வொன்றுக்கும் எதிரே 50. ஒப்பந்தம் ஒவ்வொரு 10 லட்சம் டாலர் கூடும்போதும் கன்னிங்ஹாமுக்கு 50,000 டாலர். 2 கோடியைத் தாண்டியபின் கீழே வரும் வரிகளில் 25. இனி ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 25,000 டாலர் போதும்.

கூட்டிப் பார்த்தால் 2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 3,40,000 டாலர். மேலே போகப் போக விகிதம் ஐந்து சதவீதத்திலிருந்து இரண்டரைக்கு இறங்குகிறது. மொத்தமாக வாங்குகிறவருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கும் கடைக்காரரின் கணக்கு இது. லஞ்ச வழக்குகளில் அரசுத் தரப்புக்குப் பெரிய தலைவலி ஒன்று உண்டு: பணம் கைமாறியதைக் காட்டிவிடலாம், அது இன்ன வேலைக்காக என்று நிரூபிப்பதுதான் கடினம். நட்பில் கொடுத்தது, தேர்தல் நன்கொடை, கடன் என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். இந்த அட்டை அந்தக் கதவுகள் அத்தனையையும் அடைத்துவிட்டது. இடப்பக்கம் அரசுப் பணம், வலப்பக்கம் தன் பங்கு, நடுவில் வேறொன்றும் இல்லை.

படகு, கார், மரச்சாமான்

பட்டியலின் முதல் வரியில் இருந்த படகு வந்து சேர்ந்தது. 42 அடி நீளம். பத்திரம் வேட் பெயரிலேயே இருந்தது, பயன்படுத்தியவர் கன்னிங்ஹாம். 'டியூக்-ஸ்டர்' என்று அதற்குப் பெயர் மாற்றினார்கள். வாஷிங்டனில் போட்டோமாக் நதிக்கரைப் படகுத்துறையில் அதைக் கட்டி, சபை நடக்கும் நாட்களில் வாடகையில்லாமல் அதிலேயே குடியிருந்தார்.

அதன்பின் பட்டியல் நீண்டது. பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றை வாங்க உதவித்தொகை 13,500 டாலர். அதைப் பழுதுபார்க்க மேலும் 17,889 டாலர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைவேலைப்பாட்டுடன் கூடிய இழுப்பறை மேசை 7,200 டாலர். தோல் சோபாவும் கட்டிலும் 6,632 டாலர். லேசர் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் கருவி 9,200 டாலர். மகளின் பட்டமளிப்பு விருந்துச் செலவு 2,081 டாலர். பாரசீகக் கம்பளங்கள், வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகள், பழங்காலப் பீரோக்கள் என்று வீடு நிறைந்தது. மேரிலாந்திலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு வேடை உடன் அழைத்துப் போவார். கன்னிங்ஹாம் கை காட்டுவார், வேட் பணம் கட்டுவார்.

அன்று காங்கிரஸ் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,62,100 டாலர். அதோடு கடற்படை ஓய்வூதியமும் வந்துகொண்டிருந்தது. வறுமை என்று சொல்ல எதுவுமில்லை. பின்னாளில் தண்டனை அறிவித்த நீதிபதியும் இதையேதான் கேட்டார்: நனையவுமில்லை, குளிரவுமில்லை, பசிக்கவுமில்லை, பிறகு ஏன் செய்தீர்கள்?

ஒரு வீட்டின் விலை

எல்லாவற்றிலும் பெரிய தொகை வீட்டில் இருந்தது. சான் டியாகோவுக்கு வடக்கே டெல் மாரில் கன்னிங்ஹாமுக்கு ஒரு வீடு இருந்தது. 2003 நவம்பரில் அதை 16.75 லட்சம் டாலருக்கு விற்றார். வாங்கியது '1523 நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூ' என்ற பெயரில் பதிவான ஒரு நிறுவனம். அந்த நிறுவனம் வீட்டில் யாரையும் குடிவைக்கவில்லை. உடனே மறுவிற்பனைக்குப் போட்டது. பல மாதங்கள் விற்காமல் கிடந்து, கடைசியில் 9.75 லட்சம் டாலருக்குப் போனது. 7 லட்சம் டாலர் நஷ்டம். சான் டியாகோவில் வீட்டு விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. வாங்கிய யாரும் நஷ்டப்படாத சந்தையில் இந்த ஒரு நிறுவனம் மட்டும் இவ்வளவு இழந்தது.

விற்ற பணத்தை வைத்து கன்னிங்ஹாம் ரான்சோ சான்டா ஃபே என்ற பணக்காரர் குடியிருப்பில் 25.5 லட்சம் டாலருக்கு மாளிகை வாங்கினார். அதன் அடமானக் கடனிலும் பெரும் பகுதியை ஒப்பந்தக்காரர்களே அடைத்தார்கள். நியூயார்க்கின் நிலவணிகர் தாமஸ் கொன்டொஜியானிஸ் இந்தக் கடன்களுக்குப் பின்னாலிருந்து உதவினார்.

பதிவேடு சொன்ன செய்தி

காப்லி செய்தி நிறுவனத்தின் வாஷிங்டன் நிருபர் மார்கஸ் ஸ்டெர்ன், கன்னிங்ஹாமின் சவூதி அரேபியப் பயணங்கள் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இவருடைய வாழ்க்கை வசதி சம்பளத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாமே என்று சொத்துப் பதிவேட்டைத் திறந்தார். அமெரிக்காவில் எந்த வீட்டை எந்தத் தேதியில் யார் யாருக்கு விற்றார் என்பது யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம்; அப்போதே இணையத்திலும் கிடைத்தது.

டெல் மார் வீட்டை வாங்கிய நிறுவனத்தின் பெயரே ஒரு முகவரியாக இருந்தது. வாஷிங்டனில் அந்தக் கதவு எண்ணில் இயங்கியது எம்.இசட்.எம். அந்த நிறுவனத்தின் தலைவர் மிட்செல் வேட். அவருக்கு ஒப்பந்தங்கள் வந்தது பாதுகாப்புத் துறையிலிருந்து. அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கும் குழுவில் இருந்தவர் வீட்டை விற்ற கன்னிங்ஹாம். வட்டம் முழுதாகிவிட்டது. ரகசிய ஒதுக்கீடுகளுக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. ஆனால் லஞ்சம் வாங்கியவர் அதை வீடாக மாற்றிக்கொண்டார், வீடென்றால் பதிவு செய்தே தீர வேண்டும். மறைக்க முடியாத இடம் அது ஒன்றுதான்.

2005 ஜூன் 12 அன்று சான் டியாகோ யூனியன்-டிரிப்யூன் இதழில் செய்தி வெளியானது. ஸ்டெர்னும் சக நிருபர் ஜெர்ரி காமரும் மற்ற நிருபர்களோடு தொடர்ந்து துருவினார்கள். படகு வெளியே வந்தது, பிறகு மற்றவையும். இந்த வேலைக்காக காப்லி நிறுவனமும் யூனியன்-டிரிப்யூனும் 2006-ஆம் ஆண்டின் புலிட்சர் விருதைப் பெற்றன.

ஒப்புதல்

முதலில் கன்னிங்ஹாம் மறுத்தார். நியாயமான விலைக்குத்தான் வீட்டை விற்றேன், வேட் என் நண்பர், இதில் முடிவெடுப்பதில் கொஞ்சம் சறுக்கிவிட்டேன், அவ்வளவுதான் என்றார். ஜூலை 1 அன்று எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ரான்சோ சான்டா ஃபே மாளிகையையும் வேடின் அலுவலகத்தையும் படகையும் ஒரே நேரத்தில் சோதனையிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று கன்னிங்ஹாம் அறிவித்தார்.

நவம்பர் 28 அன்று சான் டியாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். லஞ்சச் சதி, தபால் வழி மோசடி, தொலைத்தொடர்பு வழி மோசடி, வரி ஏய்ப்பு ஆகியவை குற்றச்சாட்டுகள். வெளியே வந்து செய்தியாளர்கள் முன் கண்ணீரோடு அறிக்கை படித்தார். சட்டத்தை மீறினேன், மறைத்தேன், பதவியின் கௌரவத்தைக் கெடுத்தேன் என்றார். அன்றே பதவி விலகுவதாகவும் அறிவித்தார்.

தண்டனைக்கு முன் அரசுத் தரப்பு தாக்கல் செய்த ஆவணத்தில்தான் அந்தக் குறிப்பு அட்டையின் படம் முதன்முறையாக வெளியானது. அதற்குப் பிறகு இந்த வழக்கை 'லஞ்ச மெனு' வழக்கு என்றே எழுதத் தொடங்கினார்கள்.

2006 மார்ச் 3 அன்று நீதிபதி லேரி பர்ன்ஸ் தீர்ப்பளித்தார். அரசுத் தரப்பு கேட்டது அதிகபட்சமான பத்தாண்டுகள். கன்னிங்ஹாமின் வழக்கறிஞர்கள் அவருடைய போர்ச் சேவையையும் வயதையும் உடல்நிலையையும் முன்வைத்துக் குறைத்துக் கேட்டார்கள். நீதிபதி விதித்தது எட்டு ஆண்டு நான்கு மாதம். வரிப் பாக்கியாக சுமார் 18 லட்சம் டாலரும், லஞ்சத்தால் வந்த ஆதாயமாக சுமார் 18.5 லட்சம் டாலரும் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஒருவருக்கு அதுவரை விதிக்கப்பட்ட மிக நீண்ட சிறைத்தண்டனை அது. 2009-இல் லூசியானா மாநில உறுப்பினர் வில்லியம் ஜெஃபர்சனுக்குப் பதின்மூன்று ஆண்டு கிடைத்தபோதுதான் அந்தக் கணக்கு பின்னுக்குப் போனது.

மாளிகையிலிருந்த கம்பளங்களும் மேசைகளும் பீரோக்களும் அரசுக் கிடங்குக்குப் போய், பொது ஏலத்தில் விற்கப்பட்டன.

மற்றவர்களின் முடிவு

வேட் 2006 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்கு ஒத்துழைத்தார். தன் ஊழியர்கள் பெயரில் வேறு இரண்டு உறுப்பினர்களுக்குச் சட்டவிரோதமாகத் தேர்தல் நன்கொடை கொடுத்ததையும் ஒப்புக்கொண்டார். 2008 டிசம்பரில் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை கிடைத்தது. வில்க்ஸ் கடைசிவரை மறுத்து விசாரணையைச் சந்தித்தார். நடுவர் குழு 2007 நவம்பரில் அவரைக் குற்றவாளி என்றது. 2008-இல் பன்னிரண்டு ஆண்டு சிறை. கொன்டொஜியானிஸுக்கும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்துக்காகச் சிறைத்தண்டனை கிடைத்தது.

வில்க்ஸ் வழியாக வழக்கு சி.ஐ.ஏ. வரை சென்றது. அந்த அமைப்பின் மூன்றாவது பெரிய பதவியில் இருந்த கைல் ஃபாகோ, வில்க்ஸின் பள்ளிக்கால நண்பர். நண்பரின் நிறுவனத்துக்கு ஒப்பந்தங்கள் கிடைக்க வழிசெய்ததை ஒப்புக்கொண்டு 2009-இல் 37 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இந்த விசாரணைகளை நடத்தியவர் சான் டியாகோவின் அரசு வழக்கறிஞர் கேரல் லாம். 2006 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை ஒரே நாளில் பதவி விலகச் சொன்ன வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். 2007 பிப்ரவரியில் பதவியை விட்டுப் போவதற்குச் சில நாள் முன்னர்தான் வில்க்ஸ், ஃபாகோ இருவர் மீதும் குற்றப்பத்திரிகை பதிவானது. அந்த நீக்கங்கள் பற்றிக் காங்கிரஸ் விசாரித்தது; அந்தச் சர்ச்சையில் நீதித்துறைத் தலைவர் ஆல்பர்டோ கொன்சாலஸ் அதே ஆண்டு பதவி விலகினார்.

மாறிய விதிகள்

காலியான தொகுதிக்கு 2006 ஜூன் 6 அன்று இடைத்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் பிரையன் பில்பிரே வென்றார். தொகுதி கட்சியின் கையைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மையையே குடியரசுக் கட்சி இழந்தது. ஊழல் அந்தத் தேர்தலின் முக்கியப் பேச்சாக இருந்தது. கன்னிங்ஹாம் மட்டும் காரணமில்லை. இடைத்தரகர் ஜாக் அப்ரமாஃப் வழக்கும் அப்போதுதான் வெடித்திருந்தது.

2007-இல் புதிய சபை முதலில் தொட்ட விஷயங்களில் ஒன்று இயர்மார்க். ஒதுக்கீட்டு வரியைச் சேர்க்கும் உறுப்பினரின் பெயர் இனி வெளியாக வேண்டும். அதில் தனக்கோ வாழ்க்கைத் துணைக்கோ பண ஆதாயம் இல்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று விதி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தான சட்டம், பதவியிலிருக்கும்போது லஞ்சம் போன்ற குற்றங்களைச் செய்து தண்டனை பெறும் உறுப்பினருக்குக் காங்கிரஸ் ஓய்வூதியம் கிடையாது என்றது. முன்தேதியிட்டுப் பொருந்தாத சட்டம் அது; கன்னிங்ஹாமின் ஓய்வூதியம் தப்பியது. 2011-இல் இயர்மார்க் முறையே நிறுத்தி வைக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து 2021-இல், வேறு பெயரில், கூடுதல் நிபந்தனைகளோடு அது திரும்பி வந்தது.

சிறையும் மன்னிப்பும்

கன்னிங்ஹாம் தண்டனைக் காலத்தின் பெரும் பகுதியை அரிசோனாவின் டூசான் சிறை வளாகத்தில் கழித்தார். 2013 ஜூனில் விடுதலையாகி ஆர்கன்சா மாநிலத்தில் குடியேறினார். அதற்கு முன், சிறையில் இருந்தபோதே, வேட்டைக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு நீதிபதி பர்ன்ஸுக்குக் கடிதம் எழுதினார். குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவருக்குத் துப்பாக்கி உரிமையைத் திருப்பித் தரும் அதிகாரம் தனக்கில்லை என்று நீதிபதி பதில் எழுதினார். எந்த மாநிலத்திலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் காவலர்களுக்கு உரிமை வாங்கிக் கொடுத்த சட்டத்தின் ஆசிரியர் கன்னிங்ஹாம்.

2021 ஜனவரி 20 அன்று, அதிபர் பதவியின் கடைசி மணி நேரங்களில் டொனால்ட் டிரம்ப் பலருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்தப் பட்டியலில் நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பாகக் கன்னிங்ஹாமின் பெயரும் இருந்தது. முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச் அதற்கு ஆதரவு தெரிவித்திருந்தார். மன்னிப்பு தண்டனையின் விளைவுகளை நீக்கும். தீர்ப்பில் பதிவான உண்மைகளை மாற்றாது. 1972 மே 10-இன் வான்போர் கடற்படையின் ஆவணங்களில் இருக்கிறது. படகும் 140-உம் எழுதிய அட்டை, வழக்கு எண்ணோடு, நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது.